மூன்றாம் பேஸிலிருந்து

2024 ஜூன் 15, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். கேத்திலைப் போட்டுவிட்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து புதிய இன்சுலின் பேனா ஒன்றை எடுத்து, குளிர் தணியட்டும் என்று மேசையில் வைத்தேன். என் கணவர் எழுந்து வந்ததும் அவருடைய மேற்கையில் ஒட்டியிருக்கும் சென்சருக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்து இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்தேன். ஏழரை. நல்ல அளவு. இரண்டு துண்டு பாண், அவித்த முட்டை ஒன்று, சீனி போடாத பால் தேநீர். அவர் சாப்பிடும்போது நான் அலுமாரித் தட்டிலிருந்த பேணிகளை ஒழுங்குபடுத்தினேன். ஒரு ரப்பர் வளையம் போட்ட பேணி உப்பு, இரண்டு போட்டது மிளகாய்த்தூள், மூன்று போட்டது தேயிலை. வாரம் முழுக்க மகளும் நானும் அவசரத்தில் இடம் மாற்றி வைத்துவிடுவோம். சனிக்கிழமை காலையில் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பும். ஹரோவில் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. பெயர் பார்த்து, அளவு பார்த்து, இன்னொரு முறை பார்த்து வைக்கும் பழக்கம் வீட்டிலும் விடவில்லை.

என் கணவருக்குக் கண் தெரியாது. சீனி வருத்தம் முதலில் இடது கண்ணையும் பிறகு வலது கண்ணையும் எடுத்துக்கொண்டது. யன்னல் எந்தப் பக்கம் என்பது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆறு வருடமாகிறது.

ஏழரைக்கு மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வேலைக்குப் போகிற பிள்ளை. சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு முதல் எழும்பாதவள்.

"அப்பா, ரெடியோ?"

"எதுக்கு?"

"விளையாடாதேங்கோ. பத்தரைக்கு அங்க நிக்கோணும்."

"வாறன். வந்து பாக்கிறன். ஆனா ஓட மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"நீங்கள் என்னத்தைப் பாக்கப் போறியள்?"

"காதாலை பாப்பன். உனக்கென்ன?"

போகவிருந்த இடம் ஈலிங்குக்குத் தெற்கே உள்ள ஒரு பூங்கா. அங்கே கண் தெரியாதவர்கள் சிலர் சனிக்கிழமைகளில் பேஸ்போல் விளையாடுகிறார்கள் என்று மகள் கண்டுபிடித்திருந்தாள். மூன்று மாதம் கெஞ்சி, கோபித்து, ஒரு வாரம் கதைக்காமல் இருந்து, கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டுக்குள் பேஸ்போல் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். லண்டன் தமிழ் வீடுகளில் கிரிக்கெட் இருக்கும், உதைபந்தாட்டம் இருக்கும், இது இருக்காது. என் கணவர் இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குப் போனவர். அவருடைய அண்ணை அங்கே ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்தார். தம்பியையும் அதே ஷிப்டில் சேர்த்துவிட்டார். உணவறைத் தொலைக்காட்சியில் எந்த நேரமும் பேஸ்போல்தான். முதல் நாளே அண்ணை சொன்னாராம், "எடேய், இது எங்கட எல்லேயடா."

எல்லே இலங்கைப் பள்ளிக்கூடங்களில் விளையாடுவது. நீளத் தடியால் பந்தை அடித்துவிட்டு, மைதானத்தைச் சுற்றியுள்ள கம்பங்களைத் தொட்டு ஓடி வரவேண்டும். நானும் பள்ளிக்கூட அணியில் விளையாடியவள்தான். எல்லேயில் ஓடுகிறவரின் உடம்பில் பந்தால் எறிந்து அடித்தால் அவர் அவுட். பேஸ்போலில் அப்படிச் செய்யக் கூடாது. அண்ணைக்கும் தம்பிக்கும் அது விளங்க ஒரு சீசன் எடுத்தது. பந்தை எடுத்தவன் ஏன் ஓடுகிறவனின் முதுகை விட்டுவிட்டு எங்கேயோ நிற்பவனுக்கு எறிகிறான் என்று தொழிற்சாலை உணவறையில் இருவரும் கொதித்திருக்கிறார்கள். "அவ்வளவு பெரிய முதுகு! விட்டுட்டானே!" என்று தமிழில் கத்தினால் சுற்றியிருந்தவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்?

கலியாணம் செய்து லண்டனுக்கு வந்தபோது அவர் பெட்டியில் ஒரு தோல் கையுறையும் இருந்தது. ரொறன்ரோவில் ஞாயிறு பின்னேரம் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முதல் வரும். அண்ணை அங்கிருந்து எடுப்பார். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இரண்டு வீட்டிலும் ஒரே ஆட்டத்தைப் பார்ப்போம். அண்ணையின் தொலைக்காட்சியில் படம் கொஞ்சம் முந்தி வரும். இங்கே பந்து அடிபடுவதற்கு முன்னரே அவர் அங்கே கத்திவிடுவார். "அண்ணை, வாயை மூடுங்கோ!" என்பதுதான் என் மகள் ஒழுங்காகப் பேசப் பழகிய முதல் முழு வசனம். தகப்பன் சொல்வதைக் கேட்டுப் பெரியப்பாவை அவளும் அண்ணை என்றுதான் கூப்பிட்டாள்.

ஆட்டத்துக்கு எங்கள் வீட்டுச் சொற்கள் சில உருவாகின. அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள்; அடித்த இடத்துக்கே திரும்பி வரும் கடைசி ஹோம் பேஸ் எங்களுக்கு வீடு. எதிரணி அசந்திருக்கும்போது அடுத்த பேஸுக்குப் பாய்வது களவு. "ரெண்டாவதைக் களவெடுத்திட்டான்!" தான் அவுட்டாகி, முன்னால் நிற்கும் கூட்டாளியை வீட்டுக்கு அனுப்பும் அடி ஒன்று உண்டு, கோயிலுக்கு நேர்ந்து விடுவது போல என்று அதற்கு அண்ணை வைத்த பெயர் நேர்த்தி. மகள் ஆரம்பப் பள்ளியில் ரவுண்டர்ஸ் என்ற இதே மாதிரி விளையாட்டில் அப்படி ஒரு பந்தை அடித்துவிட்டு "நேர்த்தி! நேர்த்தி!" என்று கத்தியிருக்கிறாள். தமிழ் தெரியாத ஆசிரியை, எங்கே அடிபட்டது என்று ஓடிப் போய்ப் பார்த்தாராம்.

பார்வை போன பிறகும் ஞாயிறு ஆட்டம் நிற்கவில்லை. நான் பார்த்துச் சொல்வேன், அவர் கேட்பார். ஆங்கிலத்தில் வானொலி வர்ணனை இருக்கிறது; மிக நன்றாகச் சொல்வார்கள். ஆனாலும் அவருக்கு என் வர்ணனைதான் வேண்டும். பந்து வந்த உயரத்தை நான் உடம்பை வைத்துச் சொல்வேன்: முழங்காலுக்குக் கீழ, வயித்துக்கு நேர, நெஞ்சுக்கு மேல. "ரேடியோக்காரன் கதை சொல்லுறான். நீர் அளந்து தாறீர்" என்பார்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் கையை உயர்த்தினார்.

"காணும். நிப்பாட்டும்."

"ஏன், தலையிடிக்குதோ?"

"இல்லை. நீர் சொல்லச் சொல்ல உம்மட குரல்தான் வருது. பந்து வரேல்லை."

முந்தியெல்லாம் நான் சொல்லும்போது பந்து அவருக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது மெல்ல மெல்ல மங்கி அன்றைக்கு நின்றுவிட்டது என்று விளங்கிக்கொண்டேன். வசந்தத்தில் புது சீசன் தொடங்கியது. அவர் கேட்கவில்லை, நாங்களும் தொலைக்காட்சியைப் போடவில்லை. அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தால் இரண்டு பேரும் காலநிலையும் பிரஷர் குளிசையும் கதைத்துவிட்டு வைத்தார்கள். முப்பது வருடம் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு ஆட்டம் பார்த்தவர்கள்.

"அப்பான்ர கண் போனது போனதுதான்," என்றாள் மகள் என்னிடம். "மட்சும் போகோணுமோ?"

பூங்கா விளையாட்டைப் பற்றி அவள் முதலில் சொன்னபோது அவருடைய பதில் இதுதான்: "ஓட ஏலாதவனுக்கு அந்த விளையாட்டிலை என்ன வேலை?" கண் போன நாளிலிருந்து அவர் ஓடியதில்லை. மழைக்கு ஓடவில்லை, பஸ்ஸுக்கு ஓடவில்லை. என் வலது முழங்கையைப் பிடித்து, என்னிலும் அரை அடி பின்னால் நடப்பார். இரண்டு இரண்டு படியாக ஏறிக்கொண்டிருந்த மனிதர்.

பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். மேகம் மூடி, காற்றில்லாமல் இருந்தது. புல்லில் முதல் நாள் மழையின் ஈரம். இரண்டு அணியிலுமாகப் பதினைந்து பேர் இருக்கும். சிலருக்குக் கொஞ்சம் தெரியும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் எல்லோரும் கறுப்புத் துணியால் கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். பார்வையுள்ள உதவியாளர்கள் நாலைந்து பேர். அவர்களில் மூத்தவர் எழுபது வயதான ஒரு வெள்ளைக்காரர், முன்னாள் பஸ் சாரதி. அவருடைய மனைவி பிறவியிலேயே கண் தெரியாதவர். பிறருடைய விதிகளில் தமக்கு வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டு, அவர்கள் தங்களுக்கென்று ஒரு விளையாட்டை அமைத்திருந்தார்கள்.

பந்துக்குள்ளே மணிகள் உண்டு. பந்து வீசுபவர் கிடையாது. அடிக்கிறவர் ஒரு கையால் பந்தை மேலே எறிந்து, விழும்போது தானே அடிக்க வேண்டும். அடித்துவிட்டு ஓட வேண்டிய திசையைக் காது சொல்லும். முதல் பேஸில் ஒரு சிறிய பெட்டி பீப் பீப் என்று கத்தும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உதவியாளர் ஒருவர் நின்று இரண்டு பலகைத் துண்டுகளைத் தட்டுவார். கடைசியாக, வீட்டில் நிற்கும் பஸ் சாரதி "ஹோம்" என்று கூப்பிடுவார். களத்தில் நிற்பவர்கள் மணிச்சத்தத்தை வைத்துப் பந்தைத் தேடிப் பிடித்து, இரண்டாவது பேஸில் நிற்கும் பார்வையுள்ளவருக்கு எறிந்துவிட்டால் ஓடுகிறவர் அவுட். பந்து உருளும் நேரத்தில் வேறெவரும் மூச்சுக் காட்டக் கூடாது. ஆபத்து என்றால் யாரும் "ஸ்டொப்" என்று கத்தலாம். கத்தினால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

பஸ் சாரதி தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டுப் பார்த்தார். அவர் கிழக்கு லண்டன்காரர். ஹோம் என்பது அவர் வாயில் ஓம் என்றுதான் விழுந்தது. ஓம், ஓம், நாங்கள் ஆமாம் என்பதற்குச் சொல்லும் அதே சொல்.

என் கணவர் தலையைச் சரித்துக் கேட்டார். "இந்த மனுசன் ஏன் ஓம் ஓம் எண்டு நிக்கிறார்? ஆர் என்ன கேட்டது?"

மகள் சிரித்தாள். "அது ஹோம் அப்பா. அவருக்கு எச் வராது."

"அப்ப நல்ல மனுசன். கேக்க முதலே ஓம் எண்டுறார்."

மகளும் நானும் வீட்டுக்குப் பின்னால், முதல் பேஸ் பக்கமாக, ஒரு கயிற்றுக்கு அப்பால் மடக்குக் கதிரைகளில் உட்கார்ந்தோம். அடிப்பன், ஓட மாட்டன் என்ற அவரை, கண்ணைக் கட்டி, ஓர் உதவியாளர் ஓர் அணியோடு அழைத்துப் போனார்.

நான் இருபத்தைந்து வருடம் தொலைக்காட்சியில் பேஸ்போல் பார்த்தவள். ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று கத்துவதும் இசைப்பெட்டி முழங்குவதும் சேர்ந்ததுதான் என் மனதில் இருந்த ஆட்டம். இங்கே முதல் பந்து அடிபட்டதும் எல்லாச் சத்தமும் வடிந்து போனது. ஈரப் புல்லில் மணிகள் உருண்டு போவது மட்டும் கேட்டது. ஒரு கொலுசு ஓடிப் போவது போன்ற சின்னச் சத்தம். களத்தில் நின்ற ஆறு பேரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்கள். பிறகு பஸ் சாரதியின் மனைவி, அறுபத்தைந்து வயதுக்குக் குறையாத பெண், பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்து, நீளமாகப் புல்லில் விழுந்தார். எழும்பியபோது பந்து அவர் கையில் இருந்தது. முழங்கையிலிருந்து இடுப்பு வரை சேறு. கையை உயர்த்திக் காட்டிவிட்டு எறிந்தார். பந்து இரண்டாவது பேஸில் நின்றவரின் கையுறைக்குள் நேராகப் போய் விழுந்தது.

மகள் என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு வாய் திறந்தபடி இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

சிறிது நேரத்தில் ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானம் ஒன்று வந்தது. அந்த இரைச்சலில் மணி கேட்காது என்பதால் ஆட்டம் நின்றது. கண்ணைக் கட்டிய பதினைந்து பேரும் புல்வெளியில் அவரவர் இடத்தில் அசையாமல் நின்றார்கள். விமானம் மேலால் போய், சத்தம் தேய்ந்து, பக்கத்துத் தெருவின் குருவிகள் வரை எல்லாம் கேட்கத் தொடங்கிய பிறகு யாரோ "சரி" என்றார். ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கோயிலில் திரை விலகுமுன் நிற்கும் நேரம் எனக்கு நினைவுக்கு வந்தது.

என் கணவரின் முறை வந்தது. துடுப்பைக் கையில் வாங்கி, அதன் நீளத்தை விரலால் தடவிப் பார்த்தார். பந்தை மேலே எறிந்தார், அடித்தார், காற்று. இரண்டாவதும் காற்று. மூன்றாவது பட்டது. பந்து உருண்டு போனது. முதல் பேஸ் பீப் பீப் என்று கத்தியது. அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, குளிக்கும் அறைக்குள் போகிறவர் போல் நடந்தார். பாதி வழியில் இருக்கும்போதே அவுட். பஸ் சாரதி தோளில் தட்டினார்.

"நான் நினைச்ச மாதிரித்தான்," என்றாள் மகள், மிக மெல்ல. "நாங்கள் வெளிக்கிடுவமோ அம்மா?"

"பொறு," என்றேன்.

இரண்டாவது முறை முதல் வீச்சிலேயே அடித்தார். என் கண்ணால் கண்டேன்: தோள் திரும்பி, இடுப்பு திரும்பி, மணிக்கட்டு கடைசியாகத் திரும்பியது. ஞாயிறு தொலைக்காட்சிக்கு முன்னால் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு மகளுக்குச் செய்து காட்டிய அதே அடி. பந்து களத்தைத் தாண்டிப் போய் வேலியோரப் பற்றைக்குள் சிக்கிக்கொண்டது. மணி நின்றுவிட்டது. பற்றைக்குள் தேடிப் பிடித்து எறிவதற்குள் அவர் நடந்தே இரண்டாவது பேஸுக்குப் போய்விட்டார். அடுத்தவரும் தூரமாக அடித்தபோது பலகைச் சத்தத்தை நோக்கி நடந்து மூன்றாவதுக்கும் போனார். அங்கே, பேஸை ஒரு காலால் தொட்டுக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நின்றார்.

மூன்றாவதிலிருந்து வீட்டுக்கு நடந்து வர முடியாது. பந்தை எடுக்கிறவர்களுக்கு அது மிக நீண்ட நேரம். அங்கே நிற்கிறவர் ஓடினால்தான் உண்டு. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்தவர் அடித்தார். பந்து மெதுவாக, மணி குலுங்கக் குலுங்க, பஸ் சாரதியின் மனைவி நின்ற பக்கம் உருண்டது. அவர் காது கொடுத்துக் குனிந்துவிட்டார். வீட்டில் நின்ற பஸ் சாரதி வாயைத் திறக்கவில்லை. ஓடினால் அவுட் என்று கணித்திருந்தார். அவர் கூப்பிடாவிட்டால் மூன்றாவதில் நிற்பவர் நிற்க வேண்டும்.

அந்த நேரத்தில் மகள் என் காதுக்குள் கேட்டாள், "அம்மா, அப்பான்ர இன்சுலின் பை உங்களிட்டயோ இருக்கு?"

"ஓம்," என்றேன்.

மெல்லத்தான் சொன்னேன். மருந்துக்கடையில் ஒரு நாளில் எத்தனை தமிழருக்கு எத்தனை தரம் சொல்லுகிற சொல். ஆனால் அந்த மைதானத்தில் வேறு சத்தமே இருக்கவில்லை.

என் கணவர் ஓடினார்.

கையை நீட்டவில்லை. முழங்கைகளை மடித்து, தலையை நிமிர்த்தி, முழு வேகத்தில் ஓடினார். வீட்டை நோக்கியும் இல்லை. என் குரல் வந்த பக்கம், கதிரைகளையும் கயிற்றையும் நோக்கி. பஸ் சாரதி கையை உயர்த்தி, ஸ்டொப் என்று கத்த வாயைத் திறந்தார். எனக்கும் அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. கயிற்றுக்கும் அவருக்கும் இடையில் வெறும் புல்தான் இருந்தது. பஸ் சாரதி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

நான் கயிற்றைத் தாண்டிப் புல்லுக்குள் போய் நின்றேன். பின்னால் மகள் கதிரைகளை இழுத்து எறியும் சத்தம் கேட்டது. "ஓம்," என்றேன் திரும்பவும், இந்த முறை நன்றாகச் சத்தமாக. அவர் திசையைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார். "ஓம். ஓம். ஓம்." ஒவ்வொன்றுக்கும் கிட்ட வந்தார். அவருடைய சப்பாத்து ஈரப் புல்லில் அடிபடுவதும் மூச்சும் கேட்டன. கண்ணைக் கட்டிய ஒரு மனிதர், ஐம்பத்தாறு வயது, தனக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அப்படி ஓடி வருவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பயம் எனக்குத்தான் இருந்தது. அவருடைய முகத்தில் அதைக் காணவில்லை. இருபத்தேழு வயதில் ஹீத்ரோவில் பெட்டியோடு வெளியே வந்தபோது இருந்த முகம் அது.

கடைசி இரண்டு எட்டில் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் நேராக என் மேல் மோதினார். நாங்கள் இருவரும் புல்லில் விழுந்தோம்.

"இது வீடோ?" என்று கேட்டார், மூச்சு வாங்க.

"இல்லையப்பா. நான்."

"அப்ப அவுட்டோ?"

"அவுட். வீடு அங்கால இருக்கு."

படுத்தபடியே சிரித்தார். வயிறு குலுங்க, கண்கட்டு நெற்றிக்கு ஏறிவிட, சத்தம் போட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் மைதானத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கண் தெரியாதவர்கள் என்ன நடந்தது என்று பக்கத்திலிருந்தவர்களிடம் கேட்டுக்கேட்டுத் தட்டினார்கள். பஸ் சாரதி வந்து, என்ன சொல்லி அவரைக் கூப்பிட்டாய் என்று என்னைக் கேட்டார். எங்கள் பாஷையில் அது 'யெஸ்' என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மகள் சத்தியம் செய்த பிறகு, அப்படியென்றால் எழுபது வருடமாக நானும் உங்கள் பாஷை பேசியிருக்கிறேன் என்றார்.

காரில் திரும்பும்போது மகள் கேட்டாள், "அப்பா, அம்மான்ர குரலெண்டு உங்களுக்குத் தெரியேல்லையே?"

"ஏன் தெரியாது? அந்த மனுசன்ர குரலோ இது?"

"பேந்து ஏன் ஓடினியள்?"

அவர் முழங்காலில் இருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். "அங்க நிக்கேக்க மனசுக்குள்ள கேட்டுக்கொண்டு நிண்டனான், ஓடட்டோ, ஓடட்டோ எண்டு. அம்மா ஓம் எண்டா. ஓடினன்."

மகளும் நானும் இன்சுலின் பையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அன்று பின்னேரம் அவரே ரொறன்ரோவுக்கு எடுத்தார். சனிக்கிழமையில் தம்பியின் குரலைக் கேட்ட அண்ணை பயந்துபோனார். "என்னடா, சுகமோ?"

"அண்ணை, ஓடினனான்."

"எங்க, பஸ்ஸுக்கோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. மட்சிலை. மூண்டாவதிலயிருந்து."

"வீட்டுக்கு வந்தியோ?"

"இல்லை. அவுட்."

"பேந்தென்ன பெருமை? அறிவிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

அண்ணை மூக்கை உறிஞ்சுவது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. பிறகு, "எறிஞ்சு அடிச்சவங்களோ முதுகிலை?" என்று கேட்டார். இருவரும் சிரித்தார்கள். நாளைக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு என்று அண்ணை சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்து, அதாவது நான் நிற்கும் பக்கம் திரும்பி, "நீர் சொல்லுவீரோ?" என்றார். சொல்லுகிறேன் என்றேன். தரையில் விழுந்த இடுப்பு அப்போதுதான் எனக்கு நோகத் தொடங்கியிருந்தது. ஒரு வலிக்குளிசை எடுத்துப் போட்டேன்.

ஞாயிறு காலை முதல் வேலையாக, அவருடைய சீனியைப் பார்த்துவிட்டு, தேநீருக்கு முதலே, தெருமுனைப் பூங்காவுக்குப் போனோம். நாயோடு வந்த ஒருவரைத் தவிர யாரும் இல்லை. கண் தெரியாத ஒருவர் ஓடப்போகிறார் என்று சொன்னதும் அவர் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். என் கணவரைப் புல்லின் ஒரு கரையில் நிறுத்தினேன். நடுவில் கிடந்த ஒரு தடியையும் இரண்டு போத்தல்களையும் பொறுக்கி அப்புறப்படுத்தினேன். பிறகு மற்றக் கரைக்குப் போய், அவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வீட்டில் அவரைக் கூப்பிடும் வழக்கப்படி "இஞ்சேருங்கோ!" என்று கூப்பிட்டேன்.